மதியத் தூக்கத்துக்கு நடுவே ஓர் ஆபீஸ் தேடி: புதுச்சேரியில் ஒரு நாள்

புதுச்சேரிக்குக் கடற்கரை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. சின்னத் தொழில் வைத்துக்கொண்டு, தனி ஆபீஸ் எடுப்பதா, நாலு பேரோடு சேர்ந்து உட்காரும் பொது அலுவலகத்தில் மேசை எடுப்பதா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

எங்கள் தொழிலில் இரண்டே பேர். விழுப்புரத்திலிருந்து கணக்கு வழக்குகளை நான் பார்க்கிறேன். புதுச்சேரியில் ஜோசபின். பிரான்சில் குடியிருக்கும் புதுச்சேரிக்காரர்களின் வீடுகளை இங்கே கவனித்துக்கொள்வது எங்கள் வேலை. வீட்டு வரி கட்டுவது, தேங்காய் பறிப்பது, வாடகைக்காரர் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பிரான்சில் அவர்கள் எழுந்து காபி குடித்துவிட்டு போனை எடுக்கும்போது இங்கே மதியம் ஒரு மணி. ஒரு வருடமாக ஜோசபின் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அவளுடைய மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மதியத் தூக்கம் அவருக்கு உயிர். போன் சத்தம் தாங்காமல், தினமும் தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தார். மாதம் முடிவதற்குள் இடம் பார்க்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதாகப் போன ஞாயிற்றுக்கிழமை ஜோசபின் சொல்லிவிட்டாள். அவள் இல்லாவிட்டால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் ஜோசபினோடு மாமனாரும் நின்றிருந்தார். ஆபீஸை அவர் பூரோ என்றுதான் சொல்வார். மருமகளின் பூரோவைத் தானே பார்த்துத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார்.

முதலில் முதலியார்பேட்டை. ஆட்டோவுக்கு நூற்றைம்பது. மாடியில் இரண்டு அறை, தனி வாசல், வாடகை பன்னிரண்டாயிரம், ஆறு மாத அட்வான்ஸ். கேட் பக்கத்துச் சுவரை மாமனார் தட்டிப் பார்த்து, பெயர்ப்பலகைக்கு இடம் குறித்துவிட்டார். எனக்கும் பிடித்துப்போய், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தேன். அப்போதுதான் வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார்.

“ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் கேட்டப் பூட்டிருவோம். மேல சத்தம் வரக் கூடாது. நாங்க தூங்குவோம்.”

எங்கள் ஊரில் அந்த நேரத்தில்தான் பாதி வியாபாரம் நடக்கும். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாமனார் அவர் பக்கம் சாய்ந்து, அது நியாயம்தானே என்று தலையாட்டினார். ஜோசபின் என்னைப் பார்த்த பார்வையில் பையை மூடிவிட்டேன்.

மீன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கருவடிக்குப்பம் போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. ஒரு பழைய வீட்டைப் பொது அலுவலகமாக மாற்றியிருந்தார்கள். மேசைக்கு மாதம் நாலாயிரம், ஒரு மாத டெபாசிட். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. பூட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கண் பழகியதும் பார்த்தால், ஐந்தாறு பேர் மேசையில் தலை சாய்த்திருந்தார்கள். பிரிண்டருக்குப் பின்னால் ஒருவர் பாய் விரித்தே படுத்திருந்தார். இடத்தை நடத்தும் பெண், மூன்று மணிக்கு விளக்குப் போடுவோம், வேலை இருப்பவர்கள் மேசை விளக்கில் பார்க்கலாம் என்று கிசுகிசுத்தார். இங்கேயுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சரியாக அந்த நேரம் ஜோசபினின் போன் அலறியது. அந்தப் பெண் பதறாமல் ஒரு கண்ணாடிக் கதவைக் காட்டினார். முன்பு சாமான் அறையாக இருந்ததாம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்து, போன் பேசும் அறையாக்கியிருந்தார்கள். ஜோசபின் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். யாரோ வீட்டுத் தேங்காய் அடுத்த வீட்டு ஓட்டில் விழுந்த பஞ்சாயத்து. அவள் கை ஆடுவதும் வாய் அசைவதும் தெரிந்தன. சத்தம் மட்டும் துளி இல்லை. அசந்து நின்றுவிட்டேன்.

தனிப் பெயர்ப்பலகை இல்லாத இடம் ஒரு பூரோவா என்று முணுமுணுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்த மாமனாரிடம் பேச்சையே காணோம். திரும்பினால், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த ஜோசபின் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“போன் பேசுறப்ப இவரு தூங்கி நான் பாத்ததே இல்லக்கா,” என்றாள். அங்கேயே மூன்று மாதத்துக்கு ஒரு மேசை எடுத்தோம். எழுந்ததும் மாமனார் கேட்டது பெயர்ப்பலகையைத்தான். வாசலில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே பலகை. எங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காலையில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு வேலை அதிகமான நேரத்தில் போய்ப் பாருங்கள். புதுச்சேரி என்றால் மதியத்தில் கட்டாயம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். போன் பேச மூடிய அறை இருக்கிறதா, உங்கள் முகவரிக்கு வரும் தபாலை வாங்கி வைப்பார்களா என்று கேளுங்கள். மேசையை அப்புறம் பார்க்கலாம்.

மறுநாளே ஜோசபின் அங்கே வேலையைத் தொடங்கினாள். சாயங்காலம் போன் செய்து ஒன்று சொன்னாள். மதியம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “பெரியவரு இன்னிக்கி தலவாணியோட வரலியே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று அவள் மாமியாரிடம் விசாரித்தாராம். மாமியார் உள்ளே கையைக் காட்டினாராம். உள்ளே கட்டிலிலிருந்து வந்த குறட்டையைக் கேட்டுவிட்டு, வந்தவர் அப்படியே திரும்பிப் போனாராம்.