படிக்காமல் கிடந்த அண்ணன் கடுதாசி

எனக்கு ஒன்பது வயதில் வாந்திபேதி வந்து அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் அண்ணன் பழனியும்தான். மேச்சேரிக்குப் பக்கத்தில் தனியாக இருந்த எங்கள் விதவை அத்தை எங்களைக் கூட்டிப்போனாள். எனக்கு அவளுடைய ஆடுகளை மேய்க்கும் வேலை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பேன்.

மேட்டூர் அணையைக் கட்டி முடித்த வருஷம் அண்ணன் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பினான்.

"அழுவாத சாமி. ஆடி நோம்பிக்கு வாரேன். உன்னையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டுத்தான் மறுவேலை" என்றான்.

ஆடி வந்தது. அண்ணன் வரவில்லை. தினமும் எங்கள் ஊர்க் காளியம்மன் வாசலில் நின்று, அவனைக் கொண்டுவந்து விடு தாயே என்று கும்பிட்டேன்.

புரட்டாசியில் சேலத்திலிருந்து ஜவுளி மூட்டையோடு ஒரு பாய் வந்தார். அண்ணன் இன்னும் வராத கவலையில், அத்தை கூரையில் செருகியிருந்த கடுதாசி ஒன்றை உருவினாள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"ஏனுங்க பாய், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"இது ஆனியிலயே வந்ததாச்சேம்மா!" என்றவர் படித்தார். விடாத குளிர்காய்ச்சல். நடக்க முடியவில்லை. யாராவது வந்து கூட்டிப்போங்கள். தங்கச்சி செல்லம்மாளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். படித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊரார் இரண்டு பேர் குடகுக்கு ஓடினார்கள். அண்ணனைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"உன்னையக் கூட்டிட்டுப் போறேன்னு எழுதியிருப்பான்னு பயந்துட்டேன் கண்ணு. நீயும் போய்ட்டா எனக்கு ஆரு இருக்கறா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அவளை விட்டு விலகி ஓடினேன்.

கோயிலுக்குப் போய் ஆத்தாளைத் திட்டினேன். உனக்குக் கண் இல்லையா என்று கத்தினேன். தொண்டை வற்றியபின், "அண்ணனைத்தான் நீ தரலை. எழுத்தையாவது குடு" என்று அழுதேன். திரும்பினால் அத்தை நின்றிருந்தாள்.

மறுநாள் காலை என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனாள்.

"பன்னெண்டு வயசுப் பொண்ணை ஒண்ணாங் கிளாஸ்ல எப்படிம்மா உக்கார வெக்கறது?" என்று வாத்தியார் தயங்கினார்.

அத்தை அவர் காலில் விழுந்தாள். "எங்க பையனை நானே கொன்னுட்டனுங்க சாமி. இந்தப் புள்ளையாவது படிக்கட்டுமுங்க."

அவர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று முதல் ஆடுகளை அத்தையே மேய்த்தாள். வீங்கிய முழங்காலோடு வெயிலில் அலைந்தாள். என் தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகள் என்னை ஆட்டுக்காரி என்று சிரித்தார்கள். பசியோடும் அவமானத்தோடும் எட்டாவது வரை படித்தேன். பிறகு ஆசிரியைப் பயிற்சி. பிறகு வேலை.

ஆனால் அத்தையை மன்னிக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. அவள் படுத்த படுக்கையான பிறகு ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது, என் நெஞ்சில் இருந்த கல் கரைந்திருப்பதை உணர்ந்தேன். படிப்பைவிடப் பெரிய வரமாக ஆத்தா எனக்குத் தந்தது அதைத்தான்.

அண்ணனை நினைத்து இன்றும் அழுகிறேன். அந்தத் துக்கம் தீரவில்லை. தீர்ந்துவிட்டதென்று சொன்னால் அது பொய். என்னைப் போல நாதியற்று நிற்பவர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று தாயின் வாசலை விட்டுப் போய்விடாதீர்கள். சண்டை போடுங்கள், திட்டுங்கள். ஆனால் அங்கேயே நின்று அழுங்கள். அவள் கேட்பாள்.