மாமாவின் வயலை ஒத்திக்குக் கேட்கப் போனது

மாமாவுக்குக் கடன் கொடுப்பதற்குப் பதிலாக அவருடைய வயலை ஒத்திக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியபோது வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன், பாபநாசம் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் நின்ற டிராக்டரின் வைக்கோல் என் ஹெல்மெட்டில் உரசிக்கொண்டிருந்தது. நகர முடியாத இடங்களில்தான் எனக்கு நல்ல யோசனைகள் வரும். கேட் திறந்ததும் பின்னாலிருந்த மினி பஸ்காரர் ஹாரனை அழுத்தி, "யம்மா, தூங்கிட்டியா?" என்று கத்தினார். தூங்கவில்லை. மனத்துக்குள் மூன்று மா நிலத்தில், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரில், நாற்று விட்டுக்கொண்டிருந்தேன்.

ஒத்தி என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண ஏற்பாடு. பணத்தை மொத்தமாகக் கொடுத்து வயலை வாங்கிக்கொள்வது. வட்டி கிடையாது, விளைவது பணம் கொடுத்தவருக்கு. பணம் திரும்பி வந்தால் வயலும் திரும்பிப் போகும். கொடுத்தவர் வட்டிக்காரர் ஆவதில்லை, வாங்கியவர் கடன்காரர் ஆவதில்லை. சொந்தக்காரர்கள் முகம் சுளிக்காமல் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார இதைவிட நல்ல வழி இல்லை என்று கும்பகோணம் சாலை முழுக்க எனக்கு நானே விளக்கிக்கொண்டு வந்தேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமம். போன வருஷம் பழைய நெல் அறுவடை மெஷின் ஒன்றை வாங்கினார். அதற்கு அத்தையின் நகைகள் அடகுக்குப் போயின. இந்த மெஷின்களில் இரண்டு வகை. பெல்ட் போட்டது சேற்றிலும் போகும். டயர் போட்டது காய்ந்த வயலில்தான் போகும். மாமா வாங்கியது டயர்.

"பெல்ட் வண்டின்னா ஒவ்வொரு ஊருக்கும் லாரியில ஏத்தணும் பாப்பா. இது ரோட்டுலயே ஓடும்" என்றார், வாங்கிய அன்று.

ரோட்டில் அருமையாகத்தான் ஓடியது. எங்கள் ஊர்களில் நெல்லை ரோட்டில் காயவைப்பார்களே தவிர விளைவிப்பதில்லை. தை மாதத்து அறுவடைக்கு முன்னால் மழை பெய்தது. முதல் வயலிலேயே மெஷின் வயிறு வரைக்கும் இறங்கிவிட்டது. வெளியே இழுக்க ஒரு பெல்ட் வண்டியையும் ஒரு டிராக்டரையும் வாடகைக்குப் பிடித்தார். அந்த சீசனில் மாமாவின் மெஷின் சம்பாதித்துக் கொடுத்தது பெல்ட் வண்டிக்காரருக்குத்தான்.

மாசியில் மாமா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார். ஒரு தடவை வாழைத்தார், ஒரு தடவை கீரைக்கட்டு. உட்கார்ந்ததும் மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசுவார். பேச வேண்டியது வேறு ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அது தெரிந்த அப்பாவும் விடாமல் மேட்டூரிலேயே நிற்பார். கடைசியாக வந்த அன்று வாசலில் செருப்பை மாட்டும்போது மாமா என்னிடம், "பாப்பா, நீ ஏதோ எஃப்.டி. போட்டிருக்கியாமே" என்றார்.

"ஆமா மாமா."

"நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டியவர். மருமகளிடம் கேட்க அவருக்கு வாய் வராது. மறுநாள் அத்தை போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். நகை ஏலத்துக்கு வருகிறது. மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் போய்விடும்.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீடு இரண்டானது. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களை இன்னும் டிக்கெட் வைத்துத்தான் பார்க்கிறார்.

"உன் தம்பி ஏறும்போதே எனக்குத் தெரியும். கையில காசு இருக்காது, கடைசி ஸ்டாப் வரைக்கும் வருவான்."

"அவனா உங்க பஸ்ஸுல ஏறுனான்? நீங்கதான் அவன் வீட்டுக்கு வந்து பொண்ணு கேட்டு நின்னீங்க" என்றாள் அம்மா.

"நின்னேன். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் டிக்கெட் கிழிச்சிக்கிட்டு இருக்கேன். ஒத்தப் பைசா குடுக்கக் கூடாது. இந்தா, இன்னும் கொஞ்சம் சோறு போடு. ஆள் எப்படியோ, அரிசி நல்ல அரிசி."

வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் மாமா வீட்டிலிருந்து எங்களுக்கு மூட்டை மூட்டையாக அரிசி வரும். அக்காவுக்குச் செய்வதில் மட்டும் அவன் குறை வைக்கமாட்டான் என்பது அப்பா மாமாவுக்குக் கொடுத்திருக்கும் ஒரே நற்சான்றிதழ்.

அப்போதுதான், மாலையில் ரயில்வே கேட்டில் வந்த என் ஒத்தி யோசனையைப் போட்டேன். பணம் கடனாகப் போகாது, நகை மீளும், நமக்கு வயல் இருக்கும், நான் பாரம்பரிய நெல் போட்டு ஆன்லைனில் விற்பேன், பைக்கு லோகோகூட யோசித்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"காளான் வளர்த்தியே, அது மாதிரியா?" என்றார் அப்பா. கட்டிலுக்கு அடியில் நான் வளர்த்த காளானைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை. ஆனாலும் அப்பா தலையை ஆட்டினார். "வயல் கைக்கு வருதுன்னா பரவால்ல. டிக்கெட் வாங்கின மாதிரிதான்."

அம்மாதான் எதிர்பாராத பக்கம் திரும்பினாள். "அதெல்லாம் வேணாம். வயலைத் தொடாத. குடுக்கணும்னு தோணுனா சும்மா குடுத்துடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த அடுப்பு. பிறந்த வீட்டுப் பாசம் என்று நான் உருகிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் கிளம்பினேன். மாமா வரப்பில் முன்னால் நடந்தார். வயல் முழுக்க உளுந்து பூத்திருந்தது. நான் பணம் போடும் ஆளாக முகத்தை வைத்துக்கொண்டு, தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, மழைக்கு வடியுமா, மாவுக்கு எத்தனை மூட்டை காணும் என்று கேட்டேன். மாமா ஒவ்வொன்றுக்கும் பரீட்சை எழுதுகிறவர் போல் பதில் சொன்னார். எல்லாம் திருப்தியாக இருந்தது.

"சரி மாமா. இதை எனக்கு ஒத்திக்குக் குடுங்க."

மாமா நின்றுவிட்டார். துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டார்.

"ஒரு வயலை எத்தனை பேருக்கும்மா ஒத்திக்குக் குடுக்குறது?"

"ஏற்கனவே குடுத்துட்டீங்களா? யாருக்கு?"

"உங்கம்மாவுக்குத்தான்."

வாய்க்கால் ஓரத்துக் கொக்குகூட என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமாவின் போர் மோட்டார் எரிந்துபோனது. அம்மா சீட்டு எடுத்திருந்த பணத்தை அப்படியே தம்பியிடம் கொடுத்துவிட்டாள். தம்பி சும்மா வாங்க மறுத்து, வயலை வாய்வார்த்தையாக ஒத்திக்குக் கொடுத்துவிட்டார். அம்மா வந்து உழ முடியாதல்லவா? அதனால் அம்மாவுக்காக அவரே பயிரிட்டு, செலவு போக அவளுக்குச் சேர வேண்டியதை அரிசியாக அனுப்புகிறார்.

"அப்ப அந்த அரிசி சீர் இல்லையா?"

"சீர்னு நான் எப்ப சொன்னேன்? மாமா அப்படி நெனச்சிக்கிட்டாரு. அக்கா அப்படியே இருக்கட்டும்னுடுச்சு."

மாமா என்று அவர் சொன்னது என் அப்பாவை. ஒற்றைப் பைசா கொடுக்கக் கூடாது என்று சொன்ன அப்பா, கொடுத்த பணத்தின் விளைச்சலைத்தான் மூன்று வருஷமாக இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சீட்டுப் பணத்தில் வாங்கியதாக அம்மா காட்டிய வளையல்கள் என் கண்முன்னால் வந்தன. அவை ஏன் அவ்வளவு பளபளப்பாக இருந்தன என்று இப்போது புரிந்தது: கவரிங்.

திரும்பும் வழியில் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. என் பணம் அவர் மனத்துக்குள் ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்டது.

"நகையில பாதியை மீட்டுட்டு, மீதிப் பணத்துல வண்டிக்கு டயரைக் கழட்டிட்டு பெல்ட் மாட்டிடலாம்னு இருக்கேன் பாப்பா. மன்னார்குடிப் பக்கம் ஒருத்தர் செஞ்சு தர்றாராம். அப்புறம் பாரு."

நானும் இப்படித்தான் பேசுவேன். "அப்புறம் பாரு" என்று முடியும் எந்த வாக்கியத்தையும் நான் நம்பியதில்லை, நானே சொல்கிறவற்றைத் தவிர. காளானுக்கு முந்தைய என் முகம் மாமாவிடம் அப்படியே இருந்தது. அந்தக் கையில் பணத்தைக் கொடுக்க முடியாது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

வீட்டில் மெஷின் தென்னை மரங்களுக்கு நடுவே நின்றது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அத்தை கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

"பாத்தியா?" என்றாள் அத்தை. "என் கழுத்துல கெடந்ததெல்லாம் இப்ப டயரா நிக்குது."

"சும்மா இரு. பாப்பா ஏதோ யோசிக்குது" என்றார் மாமா.

"யோசிக்கிற ஆளுங்களாலதான் நான் இப்படி நிக்கிறேன். நீங்க போய் மாட்டுக்குத் தண்ணி வைங்க."

மாமா வாளியை எடுத்துக்கொண்டு போனதும் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த நகையில் பாதிக்கு மேல் அவளுடைய அப்பா மூட்டை தூக்கிச் சம்பாதித்துப் போட்டது. ஏலத்துக்குப் போனால் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு அவள் போகவே முடியாது. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கிண்டல் இல்லை.

"அவருகிட்ட குடுக்காத. என்கூட பேங்குக்கு வா. நீயே கட்டி, நீயே மீட்டு, உன் பேர்ல லாக்கர்ல வச்சுக்க. பால் சொசைட்டிக் காசுலேர்ந்து மாசாமாசம் உனக்குத் தர்றேன்."

"மாமா நகை எங்கன்னு கேட்டா?"

"ஏலத்துல போயிடுச்சுன்னு அழுவேன். நல்லா அழுவேன், பயப்படாத."

ஒரு விநாடி யோசித்தேன். என் பணம் திரும்பி வராமல் போனாலும் போகலாம். ஆனால் பால் சொசைட்டிக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் பால் ஊற்றுகிறவள் இவள். சரி என்றேன். ஒரே ஒரு திருத்தத்துடன்: அழக் கூடாது. நகை பத்திரமாக இருக்கிறது, பெல்ட்டுக்குக் கிடைக்காது என்று மாமாவிடம் நேராகச் சொல்லிவிடுவது. இந்தக் குடும்பத்தில் ஏற்கனவே ஒரு ரகசிய ஒத்தி ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு தாங்காது.

"அப்ப அவர்கிட்ட நீ சொல்லு" என்றாள் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய், "வயல் நல்லா இருக்கும்மா. நீ போட்ட உளுந்து பூத்திருக்கு" என்றேன். அம்மா கையிலிருந்த கரண்டி நின்றது. பிறகு கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட சொல்றதுன்னா சொல்லு. சாப்பிடும்போது மட்டும் சொல்லாத. பொரை ஏறிடும்."

நாளைக் காலை அத்தை முதல் பஸ்ஸில் கும்பகோணம் வந்துவிடுவாள். பேங்க் திறக்கும்போது நாங்கள் வாசலில் நிற்க வேண்டும். நகையை லாக்கரில் வைத்த கையோடு அடுத்த வேலை: கோடை அறுவடை தொடங்குவதற்குள் மெஷினை விற்பது. காய்ந்த வயல்கள் இருக்கும் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அவர் வரும்போது மாமா ஊரில் இருக்கக் கூடாது, இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பெல்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மாமாவை எங்கே அனுப்புவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோழியையும் சீட்டிலிருந்து இறக்க வேண்டும்.