எறும்புக்கு வைத்த போர்டு

எழுதி ஒட்டிவிட்டால் ஆபத்து ஒழிந்தது என்பது என் அக்கா புருஷனின் சித்தாந்தம். பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. அங்கே ஒரு மெஷினுக்கு அடியில் எண்ணெய் ஒழுகும். குழாயை மாற்றச் சொல்ல வேண்டியவர், ‘வழுக்கும்! கவனம்!’ என்று மஞ்சள் போர்டு வைத்தார். போர்டு பழசானதும் புதுப் போர்டு வைத்தார். எண்ணெய் அது பாட்டுக்கு ஒழுகியது. ஒரு ஃபிட்டர் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டபோதும் அத்தான் அசரவில்லை. “போர்டு இருந்துச்சே, பார்த்துப் போக வேண்டியதுதானே?” என்றார். அன்றிலிருந்து தொழிலாளர்களுக்கு அவர் ‘போர்டு சார்’. முதுகுக்குப் பின்னால்தான்.

இந்த மகானின் சமையலறையில் எறும்பு புகுந்தது. ஜன்னலோர விரிசலில் கிளம்பி, சுவரோடு இறங்கி, சர்க்கரை டப்பா வரை சாரை சாரையாகப் போனது. டப்பாவை இறுக்கி மூடி, எறும்பு வரும் தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, விரிசலை அடைத்துவிடலாம் என்றாள் அக்கா. இதில் எங்கேயுமே எழுதி ஒட்ட இடமில்லையே, அத்தானுக்கு எப்படிப் பிடிக்கும்? எறும்புப் பொடி டப்பா ஒன்றை வாங்கி வந்தார். முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு சுவரோரமெல்லாம் தூவினார். மேலே, ‘விஷம்! தொடாதீர்!’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டினார்.

அந்தச் சமயத்தில் மகள் போன் செய்தாள். குழந்தையோடு வந்து கொஞ்ச நாள் தங்கப் போகிறாளாம். பையன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். கையில் கிடைப்பதெல்லாம் நேராக வாய்க்குத்தான்.

“அப்பா, தரையில விஷம் கிடந்தா நான் வர மாட்டேன்.”

“நீ கவலையே படாதம்மா. பெருசா எழுதி ஒட்டியிருக்கேன்.”

அக்கா போனைப் பிடுங்கி, “நீ வா, நான் பார்த்துக்கறேன்,” என்றாள்.

அத்தானும் தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்தார். அறிவிப்பைப் பிய்த்து, குழந்தையின் கண்ணுக்கு எட்டும்படி கீழே இறக்கி ஒட்டினார். நான் கதை விடவில்லை, என் கண்ணாலேயே பார்த்தேன்.

நாளுக்கு நாள் எறும்பு பெருகியது. “விஷத்துக்கே பழகிடுச்சு,” என்று அத்தான் இன்னும் தாராளமாகத் தூவினார்.

மகள் வந்து இறங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன். பையைக்கூடப் பிரிக்காமல் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தோம். பையன் எப்போது கம்பி நீட்டினான் என்று தெரியவில்லை. சமையலறைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார். அறிவிப்புக்கு அடியில் உட்கார்ந்து, பொடி அப்பிய கையைச் சப்பிக்கொண்டிருந்தான் பேரன்.

“போர்டு வச்சிருக்கேனே!” என்று கத்தினார்.

நாற்காலியை விட்டு எழவில்லை. மகள்தான் பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். “மாமா, வண்டிய எடுங்க!” என்று என்னைப் பார்த்து அலறினாள். நான் சாவியைத் தேடி எழுந்தேன்.

“பயப்படாதடி, அது பால் பவுடர்!” என்று அக்கா ஓடி வந்தாள். “நீ போன் பண்ண அன்னிக்கே விஷத்தை ஒழிச்சுட்டுத் தரையக் கழுவிட்டேன். அந்த லேபிளை மட்டும் பிரிச்சுப் பால் பவுடர் டப்பாமேல ஒட்டினேன். உங்கப்பா எழுத்தைத்தானே பார்ப்பாரு!”

முகமூடிக்குள் இருந்த மூக்குக்கு வாசனையா தெரியும்? எறும்புகளுக்கு அத்தனை நாளும் பால் பவுடர் ஊட்டி வளர்த்திருக்கிறார் பாதுகாப்பு அதிகாரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தானும் அசடு வழியச் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, பிரிக்காத பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்கம்மா கிளம்பிட்டே? வெறும் பால் பவுடர்தானே?”

“அது உங்களுக்குத் தெரியாதேப்பா. விஷம்னு நினைச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தீங்க?” என்றாள். “இவன் முதல்ல படிக்கக் கத்துக்கட்டும். அப்புறம் கூட்டிட்டு வர்றேன்.”

அவள் போனபின் அக்கா வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து வந்து, சுவரோரமாகத் துடைக்க ஆரம்பித்தாள். அத்தான் தரையில் குந்தி அந்த அறிவிப்பைப் பிய்க்கப் பார்த்தார். பசையை அழுத்தமாகத்தான் தடவியிருந்தார், அது பெயர்ந்து வரவில்லை.