மூளைத் துறையில் டீச்சர்

துறையில் அவளை எல்லோரும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதைக்காக அல்ல. பாலர் வகுப்பில் பல வருடம் மூக்குத் துடைத்துவிட்டு, நரை எட்டிப்பார்க்கும் வயதில் குழந்தைகளின் மூளை, மனம் பற்றிய மேற்படிப்புக்கு வந்து சேர்ந்தவள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் சித்தி வயது.

"நிபுணர்கிட்ட போய்ட்டு வர்ற பிள்ளைங்க எல்லாம் ஏதோ ஒரு நோய்ப் பேரோடதான் திரும்பி வருது. அதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்கன்னு பாத்துட்டு வர்றேன்" என்று கணவனிடம் சொன்னாள்.

"போ, போ. அப்படியே என் தலைக்குள்ள ஏதாச்சும் இருக்கான்னும் பாத்துச் சொல்லு" என்றான் அவன்.

துறைத்தலைவர் நினைவாற்றல் ஆராய்ச்சியில் பெரிய புள்ளி. "பெரியவர்" என்று சொன்னாலே வராந்தாவில் பேச்சு அடங்கும். அவருக்கு அடுத்த இடத்தில் துணைப் பேராசிரியர். பெரியவரின் பையைத் தூக்குவதைத் தவிர அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்பது யாருக்கும் தெரியாது.

ஒருநாள், பாடத்தில் கவனமில்லை என்று ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். பெரியவரே சோதிக்க உட்கார்ந்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் மாணவர்கள். ஒரு குட்டிக் கதையை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டினால் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாசித்தார், அவள் சொன்னாள். மறுபடியும் அதையே வாசித்தார், சொன்னாள். இன்னொரு தடவை ஆரம்பித்ததும் சிறுமி மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"தாத்தா, இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க? எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு!"

மாணவர்கள் சிரித்தார்கள். பெரியவர் முகம் சுருங்கியது. "எதிர்ப்பு மனப்பான்மை" என்று தீர்ப்புச் சொன்னார்.

"அருமையான கவனிப்பு சார்!" என்றார் துணைப் பேராசிரியர்.

டீச்சர் சிரிக்கவில்லை. நேரே துணைப் பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், பெரியவரை யாராவது ஒருதடவை பரிசோதிச்சா நல்லது. சொன்னதையே திரும்பச் சொல்றாரு."

"அது மறதி இல்லம்மா. மேதைங்க மனசு வேற எங்கயோ இருக்கும். பாலர் வகுப்புல நீங்க இதெல்லாம் பாத்திருக்க மாட்டீங்க."

தெருவில் போகும் ஒருவர் இப்படிச் செய்திருந்தால், இதே மனிதர் கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் நோயின் பெயரைச் சொல்லியிருப்பார். மூளையையே கரைத்துக் குடித்தவர்கள் நிறைந்த கட்டடத்தில், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மூளையைப் பார்க்க ஆளில்லை.

டீச்சர் பெரியவரின் மனைவியைப் போய்ப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது கேட்டியேம்மா. துணி அலமாரியில பாலைக் கொண்டுபோய் வைக்கிறாரு. போன வருஷமே, இவர் பையைத் தூக்கிட்டு வருவாரே, அந்தத் தம்பிகிட்ட சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

"வேற டாக்டர்கிட்ட காட்டலையாம்மா?"

"ஊருக்கே மறதி பாக்குறவரை நான் எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது?"

இருவருமாக அவரை வேறு ஊர் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். இளம் மருத்துவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். அந்தச் சோதனை எதற்கு, மதிப்பெண் எப்படிப் போடுவது என்றெல்லாம் பெரியவர் தங்குதடையில்லாமல் விளக்கினார். வட்டம் போட்டார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் குவித்தார். முள்ளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே தாளை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"இதை வரைஞ்சவருக்கு நோய் முத்திப்போச்சு. குடும்பத்துக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டாங்க" என்றார் மனைவி. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். துணைப் பேராசிரியர் தலைவரானார். ஒழுங்கு மீறினாள் என்று டீச்சரைச் செய்முறைத் தேர்வில் பெயிலாக்கினார்கள். அவள் முணுமுணுக்காமல் இன்னொரு பருவம் படித்துத் தேறினாள். அதற்கிடையில் அந்தச் சிறுமியின் அம்மாவைத் தேடிப்பிடித்து, வேறொரு நிபுணரிடம் சேர்த்தாள். பிள்ளைக்கு எதிர்ப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சில நொடிகள் பார்வை நிலைகுத்தி நிற்கும் வலிப்பு. மருந்தில் கட்டுப்பட்டது.

புதிய தலைவர் ஊர் ஊராகப் போய், மறதி நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று சொற்பொழிவாற்றுகிறார். அதில் ஒன்றுக்கு டீச்சருக்கும் அழைப்பு வந்தது.

"போகலையா?" என்று கேட்டான் கணவன்.

"துணி ஊறப்போட்டிருக்கேன்" என்றாள்.