சுட்டுப் பார்க்காத தோட்டா

துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி ஓரிடத்தில், தோட்டாப் பெட்டகத்தின் சாவி வேறோரிடத்தில் இருக்க வேண்டும். அவை இருக்கும் இடம் கட்டின மனைவிக்கும் தெரியக்கூடாது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் சட்டம் அப்படி. மினேகிஷிக்கு வயது அறுபத்தெட்டு. ஒளித்த இடம் அவருக்கே மறந்துபோய்த் தேடி எடுப்பதற்குள் பாதி வேட்டை முடிந்த களைப்பு வந்துவிடும்.

"என்னங்க, காலையில அரிசி டப்பாவைத் தொட்டீங்களே?" என்றாள் மனைவி நோபுவே, சுவரைப் பார்த்தபடி. "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."

மாட்டுப் பண்ணைக்காரன் ஹதனாக்காவின் சோளக்காட்டில் கரடி இறங்கியிருப்பதாக ஊராட்சியிலிருந்து அழைத்திருந்தார்கள். வாத்துக்கும் காட்டுக்கோழிக்கும் சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் ரவைத் துப்பாக்கி போதும். ஊரில் நாலைந்து பேரிடம் இருக்கிறது. திறந்த வயலில் தூரத்துக் கரடிக்கு ரைபிள் வேண்டும். பத்து வருஷம் ரவைத் துப்பாக்கி வைத்திருந்தவருக்குத்தான் ரைபிள் உரிமம் தருவார்கள். இந்த ஊரில் அப்படி மிஞ்சியவர் மினேகிஷி ஒருவர்தான். அதனால்தான் அவரால் ஓய்வு என்று சொல்ல முடியவில்லை.

தோட்டாப் பெட்டகத்தில் புதுப் பெட்டி மட்டுமே இருந்தது. ஈயத் தோட்டா பாய்ந்த மானின் மிச்சத்தைத் தின்று கழுகுகள் செத்ததிலிருந்து இங்கே செம்புத் தோட்டாதான். வழக்கமாக வாங்கும் எடையுள்ள தோட்டா கடையில் தீர்ந்துபோனதால், கரடிக்குக் கனம் நல்லதுதானே என்று இந்தக் கனத்த தோட்டாவை வாங்கி வந்திருந்தார். தோட்டாவின் எடை மாறினால் குறியும் மாறும். துப்பாக்கி சுடும் தளத்தில் சுட்டுப் பார்த்து, துப்பாக்கி மேலிருக்கும் தொலைநோக்கியைத் திருத்த வேண்டும். தளம் மலைக்கு அப்பால் இருந்தது. முழங்கால் வலியைச் சாக்கிட்டு நாளை, நாளை என்றே தள்ளிப் போட்டுவிட்டார்.

வயலோரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஓடைக்கு அக்கரையில் கரடி உட்கார்ந்து, சோளத்தட்டையை வளைத்துத் தின்றுகொண்டிருந்தது.

"சுடுங்க சார், சூரியன் மறைஞ்சா சுடறதுக்குச் சட்டம் விடாது," என்று கிசுகிசுத்தார் ஊராட்சி அலுவலர் உருஷிஹாரா.

மினேகிஷி குறி பார்த்தார். குறியில் கரடியின் தோள் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தோட்டா அங்கேதான் போய்ப் படும் என்று யார் சொல்வது? காயம்பட்ட கரடி சோளத்துக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். விடிந்தால் அறுவடைக்கு ஆட்கள் இறங்குவார்கள்.

துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"என்ன பெரியவரே, படம் புடிக்கவா வந்தீங்க?" என்றான் ஹதனாக்கா. "என் மாட்டுத் தீவனம் போகுதுய்யா!"

"புதுத் தோட்டா. சுட்டுப் பாக்கல. தப்பு என்மேலதான். கரடி திரும்ப வரும், நாளைக்கு அறுப்பு வேண்டாம்."

"ரைபிள்காரர்னு பேரு மட்டும் பெருசா இருக்கு!"

மினேகிஷி துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பையில் போட்டார். கரடி சாவகாசமாக எழுந்து காட்டுக்குள் போனது.

மறுநாள் மலையைத் தாண்டிப் போய்த் தளத்தில் சுட்டார். தோட்டாக்கள் குறியிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கியிருந்தன. தோளைக் குறிவைத்திருந்தால் முன்னங்கால்தான் உடைந்திருக்கும். தோட்டா அட்டையின் நடுவில் விழும்வரை தொலைநோக்கியின் திருகைத் திருகித் திருகிச் சுட்டார்.

துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்து, சாவிகளை ஒளித்துவிட்டுக் காலை நீட்டியதும் தொலைபேசி அடித்தது. கரடி மறுபடி ஹதனாக்காவின் வயலுக்கு வந்திருந்தது.

மினேகிஷி எழுந்து அரிசி டப்பாவைத் திறந்தார். அங்கே சாவி இல்லை.

நோபுவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னைக்கு ஊறுகாய் ஜாடிப் பக்கம் போனீங்களோ என்னவோ. எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா."