வேலி மாற்றும் நேரம்

எதிர்ப் பண்ணைக்காரி ஒரு நீளமான புல்லைப் பிடுங்கி அதன் நுனியால் வேலிக் கம்பியைத் தொடுகிறாள். விரலில் சுருக்கென்றதும் "ம், இருக்கு" என்று சொல்லிவிட்டு, அதே புல்லை வாயில் போட்டு மென்றபடி நடக்கிறாள். மின்வேலியில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கக் கருவி ஒன்று வீட்டில் உண்டு. போன பிறந்தநாளுக்குக் கொழுந்தன் வாங்கித் தந்தது. பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. "அதைத் தேடி எடுக்கறதுக்குள்ள நாலு கம்பு நட்டுடலாம் அக்கா" என்கிறாள்.

சாலைக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவர்கள் பண்ணை. முட்டை வாங்கத்தான் போவேன். ஆனால் முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியதாக நினைவில்லை. ஏதாவது ஒரு கம்பைக் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று நிற்க வைத்துவிடுவாள். நானும் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்கும் வீட்டில் வெட்டி முறிக்கிற வேலை ஒன்றும் இல்லை.

இந்தப் பண்ணையில் மாடுகளை மொத்த நிலத்திலும் அவிழ்த்து விடுவதில்லை. கம்பும் கம்பியும் வைத்து ஒரு துண்டை அடைத்து, ஒரு நாள் மட்டும் அதில் மேயவிடுவார்கள். மறுநாள் காலை அடுத்த துண்டு. மேய்ந்த இடத்துக்குப் பின்னாலேயே சக்கரம் வைத்த கோழிக்கூண்டு போகும். கோழிகள் சாணியைக் கிளறிப் புழுவைத் தின்று, மிச்சத்தை மண்ணோடு பரப்பிவிடும். அதற்கப்புறம் அந்தத் துண்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. புல் முழங்காலுக்கு வளர்கிறவரை அதற்கு ஓய்வு. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலம் இப்படித்தான் காலடியில் மெத்தென்று ஆனது. எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து வந்து பார்க்கிறார்கள். வேலியைத் தினமும் பிடுங்கி நடுகிறவளை மட்டும் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

ஆள் குள்ளம். காலில் போட்டிருக்கும் ரப்பர் பூட்சில் ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. இரண்டு ஜோடியிலும் ஒவ்வொன்று கிழிந்துபோக, மிஞ்சியவற்றைச் சேர்த்துக்கொண்டாள். டீயை நின்றுகொண்டேதான் குடிப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டால், "வேணாம், உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்" என்பாள். மந்தையில் எப்போதும் முன்னால் நிற்கும் சிவப்பு மாட்டுக்கு 'மாமியார்' என்று பேர் வைத்திருக்கிறாள். எந்தத் துண்டைத் திறந்துவிட்டாலும் முதலில் போய் முகர்ந்து பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அதுதானாம். "புல்லுக்குக் கொடுக்கற லீவுல பாதி எனக்குக் கொடுத்திருந்தா நானும் ரெண்டு அங்குலம் வளந்திருப்பேன்" என்று சிரிப்பாள். சிரித்து முடிக்குமுன் கொட்டாவி வந்துவிடும்.

அவள் கணவருக்கு வீட்டில் 'புரொபசர்' என்று பட்டம். காலேஜ் பக்கம் போனவர் அல்ல. வாயைத் திறந்தால் மூடமாட்டார், அவ்வளவுதான். பண்ணை பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது அவர் பொறுப்பு. ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டார் என்றால் அப்புறம் பசி தாகம் கிடையாது. கெட்ட மனிதர் இல்லை. தண்ணீர்த் தொட்டியை இழுப்பது, கோழிக்கூண்டை நகர்த்துவது, கன்று போடுகிற மாட்டுக்குப் பக்கத்தில் கிடப்பது எல்லாம் அவர்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே அவர் தூங்கிப்போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கொழுந்தன் பாலைக் கறந்து டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவான். ஆக, வேலி இவள் தலையில்.

பண்ணையின் கிழக்கு ஓரத்தில் சொட்டைத் தலை மாதிரி ஒரு துண்டு கிடக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் 'காய்ச்சல்'. போன மழைக்காலத்தில் இவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கொட்டுகிற மழையில் வேலி மாற்ற வேண்டாம், ஒரு நாள்தானே என்று ஆண்கள் இருவரும் விட்டுவிட்டார்கள். அடுத்த நாளும் மழை. மாடுகள் புல்லை வேரோடு தின்று, ஈர மண்ணை மிதித்துக் கல்லாக்கிவிட்டன. இன்னும் அங்கே சரியாக முளைக்கவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. அந்தப் பக்கம் போகும்போது புரொபசர் பேச்சை நிறுத்திவிடுவார்.

அதிலிருந்து இவள் ஒரு நாள்கூட வெளியூர் போனதில்லை. கடற்கரை ஊரில் இருக்கும் தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோய், இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் கூப்பிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். கடைசியில் போகச் சொன்னது புரொபசர்தான். ஒரு நாள் கம்பு நட்டுக்கொண்டிருந்தவள் மண்டி போட்ட நிலையிலேயே தூங்கிவிட்டாள்; மாமியார் வந்து கன்னத்தை நக்கி எழுப்பியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தவர் பயந்துபோய், அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டார்.

கடலைப் பார்க்கப் போகிற சந்தோஷமா என்று கேட்டேன்.

"கடல் எங்க போயிடப் போகுது. தூங்கணும் அக்கா. யாரும் எழுப்பாம, தானா முழிப்பு வர்ற வரைக்கும்."

எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. இவ்வளவு சின்ன ஆசையை இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாளே என்று கோபம்கூட வந்தது.

அவள் கிளம்பிய அன்று எனக்கும் டவுனில் வேலை இருந்தது. ஒரே பஸ். தான் இல்லாத நாட்களுக்கான துண்டுகளை எல்லாம் முந்தின நாளே வரிசையாக அடைத்து வைத்துவிட்டு வந்திருந்தாள். காலையில் ஒரு கொக்கியைக் கழற்றிவிட்டால் மாடுகள் தானாக அடுத்த துண்டுக்குப் போய்விடும். புரொபசர் பெட்டியைத் தூக்கிவந்து பஸ் நிறுத்தத்தில் வைத்து, "நான் பாத்துக்கறேன், நிம்மதியா போ" என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்குத் திரும்பினார். அவர் வாசலை எட்டவும் வேன் ஒன்று வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பண்ணை பார்க்க வந்தவர்கள்.

நிறுத்தத்திலிருந்து பார்த்தால் மேய்ச்சல் நிலம் முழுக்கத் தெரியும். வேலி மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. மாடுகள் கம்பியோரம் வரிசையாக வந்து நின்று கத்தத் தொடங்கின.

"மண்ணை எடுத்துட்டார்" என்றாள்.

பார்த்தேன். கையில் ஒரு பிடி மண்ணோடு நின்றிருந்தார், அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். போன் பண்ணிப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை டிராக்டரில் வைத்துவிட்டு மறப்பது அவர் வழக்கம். அவர் பார்த்துக்கொள்வார் என்றேன். அதை அவள் காதில் வாங்கவில்லை. ஒரு காலைச் சாலையில் வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது.

"ஒரு கொக்கி அக்கா" என்றாள். "ஒரே ஒரு கொக்கியைக் கழட்டினா போதும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால், பின்னாலேயே ஏறிவந்துவிட்டாள். பண்ணைப் பக்கத்து சீட்டுதான் காலியாக இருந்தது. நான் ஜன்னலோரம், அவள் எனக்குப் பக்கத்தில்.

டிரைவர் கீழே இறங்கி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பஸ் நின்றபடியே இருந்தது. வெளியே மாடுகள் ஒரே குரலாகக் கத்தின. புரொபசர் பேச்சை நிறுத்திவிட்டு மாடுகள் பக்கம் தலையைத் திருப்பியது போல இருந்தது. சரியாகப் பார்க்க நான் கழுத்தை நீட்டினேன். அதற்குள் அவள் என் மேலாகக் கையை நீட்டி, ஜன்னல் திரையை முழுக்க இழுத்து மூடிவிட்டாள்.