பன்னிரண்டு கோடும் களனிப் பாலமும்

1. சைலன்சரைத் தேடிய நாள்

எங்கள் நிலையத்துக்கு முதல் மின்சாரக் கார் வந்த அன்று, நான் அதன் பின்பக்கம் முழங்காலிட்டு சைலன்சரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் அப்போது எனக்குப் பதினான்காவது வருடம். வேலையில் பெரிய சிக்கல் இல்லை. வாகனம் லேனுக்குள் வரும். சைலன்சர் குழாய்க்குள் புகையை அளக்கும் புரோபை விடுவேன். எக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்வேன். பாஸா ஃபெயிலா என்று கணினி சொல்லும். ஃபெயில் என்றால் திட்டு மட்டும் எனக்கு.

அந்தக் காரின் பின்பக்கத்தில் புரோபை விடுவதற்கு ஓட்டையே இல்லை. இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன், கடைசியில் டோர்ச் அடித்துக் கீழேயும் பார்த்தேன். வரிசையில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து, "அக்கா, அதுக்கு வாலே இல்ல. எங்க தேடுறீங்க?" என்றார். லேன் முழுவதும் சிரித்தது.

காரின் சொந்தக்காரர் பாவம், வெட்கப்பட்டுப்போனார். "வருசத்துக்கு ஒருக்கா புகை டெஸ்ட் எடுக்க வேணும் எண்டு வீட்டில சொல்லிச்சினம். அதான் வந்தனான்," என்றார். மனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "மிஸ், அதுக்கு டெஸ்ட் தேவையில்ல, அனுப்புங்க," என்று கத்தினார்.

நானும் சிரித்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் அது சத்தமில்லாமல் கேட்டைக் கடந்து போனபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் என் புரோபும் தேவைப்படாத ஒரு வாகனத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்திருந்தேன்.

அந்த நாட்களில் தொலைக்காட்சிச் செய்தியில் அடிக்கடி ஒன்றைச் சொல்வார்கள். இன்ன நாடு இன்ன வருடத்துக்குப் பிறகு புதிய பெற்றோல் கார் விற்க விடாது, இன்ன கம்பெனி எஞ்சின் செய்வதைக் குறைக்கப்போகிறது, நாடுகள் கூடிக் காபனைக் குறைக்கச் சம்மதித்திருக்கின்றன என்று. என் கணவர் ரெஜிக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் வெளிநாட்டுக் கதை, பிலோ. இங்க வந்து சேர நாங்க பென்சன் எடுத்திருப்பம்," என்றார்.

"இங்க ஓடுற காரில எது இங்க செய்தது, ரெஜி?" என்று கேட்டேன். "அவங்க செய்யிறத நிப்பாட்டினா எங்களுக்கு எது வரும்?"

கப்பலில் இருந்து கார்கள் இறங்குவதை நாளாந்தம் பார்க்கிற மனிதர் அவர். அடுத்த கிழமையே மின்சாரக் கார்களைக் கையாளும் ஹை வோல்டேஜ் பயிற்சிக்கான விண்ணப்பப் படிவத்தை அவரே வாங்கி வந்து தந்தார்.

2. ஒரேஞ் வயர்

வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வயதிலும் நான்தான் மூத்தவள். முதல் நாள் படித்ததை இன்றும் வரிசை மாறாமல் செய்கிறேன். ஆளைக் கொல்லும் மின்சாரம் ஓடும் ஒரேஞ் நிற வயரைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள். ரப்பர் கையுறையைப் போடுமுன் காற்றை அடைத்துச் சுருட்டிப் பார், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் எறி. பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிய பிறகு பத்து நிமிடம் பொறு. பிறகும் நம்பாதே, மீற்றர் வைத்து அள. இந்தத் தொழிலுக்கு வருகிற தங்கைமாரே, தம்பிமாரே, இந்த வேலையில் துணிச்சல் என்று தனியாக ஒன்று கிடையாது. வரிசையைப் பிசகாமல் செய்தால் பயமே வராது.

எனக்குக் கைகொடுத்தது என் பழைய வேலைதான். ஒரு கருவி காட்டுகிற இலக்கத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இருந்தும் ஒருமுறை அதைக் கைவிட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

3. நான் வைத்த கையெழுத்து

வாகன இறக்குமதிக்கு இருந்த தடை நீங்கியபோது நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கார் விற்பனை யார்டில் பற்றரி பரிசோதகராக இருந்தேன். முதலாளி ஃபவாஸ் ஹாஜியார். முப்பது வருடமாகப் பெற்றோல் கார் விற்றவர். வெளிநாட்டு முகவர் ஒருவர் மூலம் முதல்முறையாக ஒன்பது பழைய மின்சாரக் கார்களை ஒன்றாக இறக்கியிருந்தார்.

அதில் ஒரு வெள்ளைக் கார். டாஷ்போர்டில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பன்னிரண்டு கோடும் நிறைந்திருந்தன. ஸ்கேனரைச் செருகினேன். அதுவும் நல்ல இலக்கமே காட்டியது. அன்று மட்டும் ஐந்து கார் பார்க்க இருந்தது. ரிப்போட்டில் கையெழுத்து வைத்தேன்.

அந்தக் காரை வாங்கப் பேசி வைத்தவர் கௌசல்யா, வெள்ளவத்தைக்காரி. பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் கைகாலுக்குப் பயிற்சி கொடுப்பது அவருடைய தொழில். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்றபோது, எழுந்து நடக்கத் தொடங்கியிருந்த ஒருவர் பயிற்சியில்லாமல் திரும்பவும் படுக்கையில் விழுந்துவிட்டாராம். "இனி என்ர வேலை பெற்றோல் ஷெட்டை நம்பி இருக்கக்கூடாது மிஸ்," என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

டெலிவரிக்கு முதல் நாள் காலை காரை முழுதாக சார்ஜ் பண்ணப் போட்டிருந்தேன். அநேகமாக வெறுமையாக இருந்த பற்றரி. நான் தேநீர் குடித்துவிட்டு வேறு இரண்டு கார் பார்த்துத் திரும்ப, "ஃபுல்" என்று காட்டிக்கொண்டு நின்றது. இவ்வளவு சீக்கிரமா? சார்ஜரின் மீற்றரைப் பார்த்தேன். அந்தப் பற்றரி குடிக்க வேண்டிய யூனிற்றில் பாதிகூட உள்ளே போயிருக்கவில்லை.

யாரோ எங்கோ பற்றரியின் கணினியை ரீசெட் பண்ணி, களைத்துப்போன பற்றரியைப் புதியது என்று நம்பவைத்திருக்கிறார்கள். கோடும் ஸ்கேனரும் அந்தக் கணினி சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லும். நான் அதை நம்பிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

ஹாஜியாரிடம் போனேன். விற்பனை பார்க்கும் றொஷானும் அங்கே நின்றார்.

"ஐயோ மிஸ், ரிப்போட்ல சைன் வெச்சது நீங்கதானே!" என்றார் றொஷான். "நாளைக்கு டெலிவரி. இப்ப வந்து இப்படிச் சொன்னா?"

"ஓம், நான்தான் வெச்சனான். அதுதான் நானே வந்து சொல்றன்."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பேச்சில் "இருக்கு" எப்போதும் "ஈக்கி"தான். "ஸ்கேனர்ல நல்லம் எண்டு ஈக்கி, கோடு பன்னெண்டும் ஈக்கி. மீற்றர்தான் பிழையோ தெரியாதே மிஸ்?"

"இருக்கலாம் ஹாஜியார். ஓடிப் பாப்பம். அந்த மிஸ் ஒரு நாளைக்கு ஓடுற பாதையிலேயே ஓடுவம். அவவும் வரட்டும், நீங்களும் வாங்க. கார் ஓடி முடிச்சா நான் உங்க ரெண்டு பேரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "அவவுக்குக் கோல் எடுங்க," என்றார்.

அந்த அழைப்புத்தான் என் வேலைக்காலத்திலேயே கடினமானது. கௌசல்யாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிக் கேட்டார். பிறகு, "நீங்க சைன் வெச்சனீங்கள் எண்டுதானே நான் என்ர பெற்றோல் காரை வித்தனான்," என்றார். "போன கிழமையே குடுத்துப்போட்டன். இப்ப நான் என்னத்தில போறது?"

"நான் விட்டது பிழை மிஸ். நாளைக்கு ஒருக்கா வாங்கோ. உங்களக் கைவிட மாட்டன்," என்றேன். எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

4. ஆமை விளக்கு

மறுநாள் காலை நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். பக்கத்தில் ஹாஜியார், பின்சீட்டில் கௌசல்யா. ஏசி போட்டேன், கொழும்பு வெயிலில் அது இல்லாமல் யாரும் ஓடப்போவதில்லை. வெள்ளவத்தை, ஹெவ்லொக் டவுன், கொலன்னாவை, வத்தளை, ஜா-எல என்று கௌசல்யா தன் நோயாளிகளின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி எடுத்தேன்.

கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளைக் கடக்கும்போது ஹாஜியார் வாய் திறந்தார். "அவங்கட ஊர்க் காத்து சுத்தமாகுது. அவங்கட பழைய பற்றரி எல்லாம் எங்கட ஊருக்கு வருது. இதுதான் இந்தக் காபன் குறைக்கிற வேலையா மிஸ்?"

"வரட்டும் ஹாஜியார். பழசு வாறது பிழையில்ல. எவ்வளவு மிச்சம் எண்டு உண்மையைச் சொல்லிக்கொண்டு வந்தாப் போதும்," என்றேன்.

ஜா-எல வரை ஒரு குறையும் இல்லை. ஹாஜியாரின் முகம் தெளிந்தது. நான்கூட மனதுக்குள் மன்னிப்புக் கேட்கிற வசனத்தைத் தயார் பண்ணினேன். திரும்பி வத்தளை நோக்கி வரும்போதுதான் தொடங்கியது. பாதிக்குக் கிட்ட இருந்த சார்ஜ் கண்ணுக்கு முன்னால் சரிந்தது. முப்பத்தொன்பது, முப்பத்திரண்டு, இருபத்துநாலு. வத்தளையைத் தாண்டும்போது ஒன்பது.

களனிப் பாலத்தில் ஏறுகிறோம். டாஷ்போர்டில் ஆமைப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பவரைக் குறைத்துவிட்டேன் என்று கார் சொல்கிறது. எக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நடை வேகம்தான். பின்னால் துறைமுகத்துக்குப் போகிற கொண்டெய்னர் லொறி. அதன் ஹோர்ன் எங்கள் முதுகிலேயே அடித்தது.

"யா அல்லாஹ்," என்றார் ஹாஜியார்.

"மிஸ், நிப்பாட்டி இறங்குவமா?" என்று கௌசல்யா என் தோளைப் பிடித்தார்.

"பாலத்தில நிண்டா ஆபத்து. கொஞ்சம் பொறுங்கோ," என்றேன். ஏசியை நிறுத்தினேன். ஹசார்ட் விளக்கைப் போட்டேன். இடது ஓரமாக ஒதுங்கி, காலை ஆட்டாமல் ஒரே அளவில் வைத்தேன். எனக்குப் பயம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. பாலத்தின் உச்சியைத் தொட்டதும் கார் தன் பாரத்தில் இறங்கத் தொடங்கியது. உருண்டு வந்து, இறக்கத்தின் அடியில் ஓர் ஓரத்தில் ஏற்றி நிறுத்தினேன். அத்தோடு அது கண்ணை மூடிவிட்டது.

கௌசல்யாதான் முதலில் பேசினார். "நாளைக்கு இந்தப் பாலத்தில நான் தனிய வந்திருப்பன்," என்றார்.

ஹாஜியார் இறங்கி, வீதியோரம் நின்று யார்டுக்கு அழைத்தார். "றொஷான், மத்த எட்டு வாகனத்தையும் உள்ளுக்குப் போடுங்க. ஒருத்தருக்கும் காட்ட வேணாம். மிஸ் ஓடிப் பாத்துச் சொல்ற வரைக்கும் ஒண்டும் விக்கிறதில்ல." பிறகு கௌசல்யாவிடம் வந்தார். "தங்கச்சி, என்ட சொந்தக் கார் ஈக்கி. உங்களுக்குச் சரியான வாகனம் கிடைக்கிற வரைக்கும் அத வெச்சி ஓடுங்க. உங்கட நோயாளிகள் உங்களப் பாத்துட்டு ஈப்பாங்க."

5. கண்ணாடியில் எழுதியது

எட்டுக் காரையும் ஒவ்வொன்றாக ஓடினேன். மூன்றில் அதே பொய். ஐந்து உண்மையாகவே நல்லவை. அந்த முகவரோடு ஹாஜியார் அதன்பிறகு வியாபாரம் வைக்கவில்லை. ஓடிப் பார்க்கச் சாவிகளைத் தந்தபோது றொஷான், "மிஸ், நான் அண்டைக்கு அப்படிக் கதைச்சிருக்கக் கூடாது," என்றார். "நீங்க கேட்டது சரிதான், சைன் வெச்சது நான்தானே," என்றேன்.

நல்ல ஐந்தில் ஒன்றைக் கௌசல்யா எடுத்தார். இம்முறை என் ரிப்போட்டை வாசிக்கவே இல்லை. சாவியை வாங்கி ஜா-எல போய், திரும்பி வந்து, "ஓம், இது எனக்குப் போதும்," என்றார். அது அவர் எனக்குத் தந்த தண்டனை, நான் ஏற்றுக்கொண்டேன்.

வெள்ளைக் காரின் கணினியைச் சரியாக்கி, உண்மையான கோடுகளைக் காட்டவைத்தேன். ஹாஜியார் மார்க்கர் பேனை எடுத்து அதன் முன்கண்ணாடியில் தன் கையாலேயே எழுதினார்: "முழுச் சார்ஜில் அறுபது கிலோமீற்றர். அதற்கு மேல் ஓடாது." இதை யார் வாங்குவார் என்று நினைத்தேன். ஹெவ்லொக் டவுனில் இருந்து வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய்வரும் தம்பதி வாங்கினார்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. இன்றும் சந்தோஷமாக ஓடுகிறார்கள்.

பெற்றோலை விட்டு உலகம் நகர்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாடுகள் வருடம் குறிக்கட்டும், கையொப்பம் இடட்டும். ஆனால் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போகவேண்டியவளை நம்பி ஏறவைப்பது அந்தக் கையொப்பங்கள் அல்ல, கார் கைமாறும் இடத்தில் நிற்கிற உங்களுடையதும் என்னுடையதும்தான். பிழை விட்டால் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அடுத்தவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது பல யார்டுகளில் இருந்து எனக்கு அழைப்பு வருகிறது. போன கிழமையும் ஒருவர், "மிஸ், ஸ்கேன் ரிப்போட்ட வட்ஸ்அப்பில அனுப்புறன், பாத்து சைன் மட்டும் வெச்சித் தாங்க," என்றார்.

"சைன் வேணுமெண்டா சாவியத் தாங்கோ," என்றேன்.